முன் சக்கரத்தை யார் கேட்கிறார்கள்?

ஸ்பிண்டில் என்று சொன்னால் நம்ம ராஜபாளையம் வட்டாரத்தில் யாருக்கும் கார் ஞாபகம் வராது. மில்தான் ஞாபகம் வரும். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து, ஒரு மில் பெரிசா சின்னதா என்று தெரிந்துகொள்ள "எத்தனை ஸ்பிண்டில்?" என்று கேட்பதுதான் இங்கே வழக்கம். நான் எழுத வந்தது நூல் சுற்றுகிற அந்தக் கதிரைப் பற்றி அல்ல. காரின் முன் சக்கரம் எந்த இரும்புக் கையின் மேல் சுழல்கிறதோ, அந்த ஸ்பிண்டிலைப் பற்றி. நம் ஒர்க்‌ஷாப் பாஷையில் அதற்கு ஸ்டப் ஆக்ஸில் என்று பெயர். மில்லில் கதிர் கெட்டால் நூல் அறும், மேஸ்திரி திட்டுவார், அவ்வளவுதான். காரில் இது முறிந்தால் சக்கரம் ஒரு திசை, வண்டி ஒரு திசை, ஓட்டுகிறவர் மூன்றாவது திசை.

ஆட்டோமொபைல், மெக்கானிக்கல் படிக்கிற நண்பர்கள் நாலு பேர் கேன்டீனில் உட்கார்ந்து டிராக் ரேஸ் பற்றிப் பேசும்போது கவனித்துப் பாருங்கள். "எத்தனை எச்.பி.?" "டர்போ போட்டானா?" "நைட்ரஸ் ஏத்தினானா?" பேச்சு முழுக்க பானெட்டுக்குள்ளேயே சுற்றும். முன் சக்கரத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்கமாட்டார். கேட்டால் ரெடிமேட் பதில் ஒன்று வரும்: "டிராக் ரேஸ்ல வளைவே கிடையாதேடா. நேரா போற வண்டிக்கு முன் சக்கரம் எதுக்கு? மூக்கு தரையிலே இடிக்காம தாங்குறதுக்குத்தான்." இந்தப் பதில் தப்பு என்பதுதான் என் கட்சி. வளைவே இல்லாத பந்தயம் என்பதால்தான் முன் சக்கரத்தின் கணக்கு இன்னும் கறாராக இருக்கவேண்டும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டிராக் ரேஸ் என்பது நின்ற இடத்திலிருந்து இரண்டு வண்டிகள் கிளம்பி கால் மைல், அதாவது 402 மீட்டர், யார் முதலில் போய்ச் சேருகிறார் என்று பார்ப்பது. அமெரிக்காவில் 1950-இல் கலிபோர்னியாவின் சான்டா அனா விமான நிலையத்து ஓடுதளத்தில் முறையான பந்தயம் ஆரம்பமானது. அடுத்த ஆண்டே, 1951-இல், வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். நம் பக்கமும் கதை ஓடுதளத்தில்தான் ஆரம்பம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து சோழவரம் விமானத் தளத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. (சோழபுரத்திலிருந்து வருகிற நண்பர்கள் காலரைத் தூக்கிவிட வேண்டாம். இது சோழவரம், சென்னைக்கு வடக்கே இருப்பது.) 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் திறந்த பிறகு பந்தயம் அங்கே போய்விட்டது. 2010-களில் மகாராஷ்டிராவின் ஆம்பி வேலி ஓடுதளத்தில் டிராக் பந்தயம் நடந்தது. ஆக, விமானம் ஓடின ரோட்டில்தான் எல்லா ஊரிலும் காரும் பறந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். வண்டி கிளம்பும்போது என்ன நடக்கிறது? 1000 கிலோ எடை, 2.5 மீட்டர் வீல்பேஸ், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையம் என்று ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பில் பாதி அளவு முடுக்கத்தில் அது கிளம்பினால், 1000 பெருக்கல் 0.5 பெருக்கல் 0.5, வகுத்தல் 2.5. விடை 100 கிலோ. முன்னாலிருந்து அந்த 100 கிலோ பாரம் பின்னால் போய் உட்கார்ந்துவிடுகிறது. முன் ஸ்பிரிங் தளர்ந்து மூக்கு எழும்புகிறது. கியர் மாற்றும்போது மூக்கு இறங்குகிறது, மறுபடி எழும்புகிறது. கோட்டைத் தாண்டி ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஒரேயடியாக முன்னால் குனிகிறது. இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றிலும் முன் சக்கரத்தின் கோணங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நின்ற வண்டியில் அலைன்மென்ட் பார்த்துவிட்டு "ஓ.கே." என்று சீட்டு வாங்கி வருகிறோமே, அந்தச் சீட்டு நின்ற வண்டிக்குத்தான் பொருந்தும்.

இங்கேதான் ஸ்பிண்டில் தேர்வு வருகிறது. வண்டியைத் தாழ்த்தவேண்டும் என்றால் நம் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே வழி ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை கிரைண்டரில் வெட்டி எறிவது. செலவு இல்லை, அரை நாள் வேலை, பார்க்கவும் ஜம்மென்று இருக்கும். ஆனால் ஸ்பிரிங்கை வெட்டினால் விஷ்போன் கைகளின் சாய்வு மாறுகிறது. டை ராட் ஒரு வட்டத்திலும் விஷ்போன் வேறொரு வட்டத்திலும் ஆடுகின்றன. கம்பெனிக்காரன் இந்த இரண்டு வட்டங்களும் ஒத்துப்போகிற ஓர் உயரத்தைப் பார்த்து வைத்திருப்பான். நாம் வெட்டியதும் அந்த உயரம் போய்விட்டது. இனி மூக்கு எழும்பும்போதெல்லாம் ஸ்டீயரிங்கை யாரும் தொடாமலே சக்கரம் தானாகத் திரும்பும். இதற்குப் பெயர் பம்ப் ஸ்டீயர்.

இதற்கு மாற்றாக வெளிநாட்டில் செய்வது டிராப் ஸ்பிண்டில். மேல் பால் ஜாயின்ட், கீழ் பால் ஜாயின்ட் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்க, சக்கரம் மாட்டும் கையை மட்டும் இரண்டு அங்குலம் போல உயரத்தில் வைத்து வார்த்திருப்பார்கள். வண்டி தாழும், விஷ்போனின் சாய்வு மாறாது. எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள்! ஃபோர்டு கம்பெனி 1974 முதல் 1978 வரை விற்ற மஸ்டாங் 2 என்ற சின்னக் காரின் முன்பக்கம் அங்கே பழைய கார் கட்டுகிறவர்களின் ஆஸ்தான சாமானாக ஆனதற்கு இந்த மாதிரி ஸ்பிண்டில்கள் அதற்குத் தாராளமாகக் கிடைத்ததும் ஒரு காரணம்.

அதற்கு முன் காலத்து டிராக்ஸ்டர்களில் இங்கிலாந்து ஃபோர்டு ஆங்கிலியாவின் ஸ்பிண்டிலை மாட்டினார்கள். பொம்மை மாதிரி ஒரு காரின் ஒல்லி ஸ்பிண்டில். ஏன் அது போதுமானதாக இருந்தது? நீளமான டிராக்ஸ்டரில் பாரம் முழுக்கப் பின்னால். முன்னால் சைக்கிள் சக்கரம் போல இரண்டு கம்பிச் சக்கரம், அதில் பிரேக்கும் கிடையாது. அந்த வேலைக்கு அந்த ஸ்பிண்டில் சரி. அதையே பார்த்துவிட்டு, எஞ்சின் முன்னால் உட்கார்ந்திருக்கிற கனமான காருக்கு எடை குறைக்கிறேன் என்று ஒல்லி ஸ்பிண்டில் மாட்டினால், எழும்பிய மூக்கு திரும்பத் தரையில் அறைகிற அந்த ஒரு நொடியில் கதை முடிந்தது. நின்ற பாரத்தின் பல மடங்கு அப்போது அந்த ஒரு கையில்தான் இறங்குகிறது. ஸ்பிண்டிலை யாரோ மாட்டினான் என்று தேர்ந்தெடுக்கக்கூடாது. நம் வண்டியின் மூக்கில் எவ்வளவு பாரம், பிரேக் உண்டா இல்லையா, சக்கரத்தின் ஆஃப்செட் எவ்வளவு என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும்.

"மஸ்டாங்கும் ஆங்கிலியாவும் நமக்கு எதுக்கு சார்?" என்று கேட்பீர்கள். நியாயம். நமக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன்: மாணவர்கள் புராஜெக்டாகக் கட்டுகிற கோ-கார்ட். போட்டிக்குக் கொண்டுபோனால் அங்கே ஆக்ஸிலரேஷன் டெஸ்ட் என்று ஒன்று வைப்பார்கள். அது ஒரு குட்டி டிராக் ரேஸ்தான். அந்த வண்டிகளின் முன் ஸ்பிண்டிலைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? ஸ்டோரில் கிடைத்த மில்ட் ஸ்டீல் ராடை லேத்தில் கடைந்து, சி வடிவத் தகட்டில் ஆர்க் வெல்டிங் வைத்து, கருப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். பேரிங் எந்த சைஸில் கையிருப்பில் இருந்ததோ, அந்த சைஸுக்கு ராட் கடைந்திருப்பார்கள். தேர்வு என்று ஒன்று நடக்கவே இல்லை!

எம்/ஐ = எஃப்/ஒய் நமக்கெல்லாம் மனப்பாடம்தானே, அதை ஒரு தடவை இங்கே போட்டுப் பார்ப்போமே. வண்டியும் ஓட்டுகிறவரும் சேர்ந்து 160 கிலோ; அதில் 40 சதவீதம் முன்னால் என்றால் ஒரு சக்கரத்துக்கு 32 கிலோ. சக்கரத்தின் நடு, வெல்டிங் செய்த வேரிலிருந்து 60 மி.மீ. தள்ளி இருக்கிறது. வளைவுத் திருப்புத்திறன் சுமார் 18.8 நியூட்டன் மீட்டர். 20 மி.மீ. ராடாக இருந்தால் வேரில் தகைவு ச.மி.மீ.க்கு 24 நியூட்டன். குழியில் விழுந்தால் மூன்று மடங்கு என்று வையுங்கள், 72. மூலையை ஆரம் கொடுக்காமல் சதுரமாகக் கடைந்திருந்தால் அந்த இடத்தில் இன்னொரு இரண்டு மடங்கு, 144. மில்ட் ஸ்டீல் 250 வரை நெளியாமல் நிற்கும், பரவாயில்லை. இதே ராடை 16 மி.மீ.க்குக் கடைந்தால்? விட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது, பலம் பாதியாகிவிட்டது. அதே கணக்கு 281-இல் போய் நிற்கும். முதல் நாளே உடைந்தால்கூட நல்லது, ஆளுக்கு ஒரு பாடமாகப் போயிற்று. அது முதல் நாள் உடையாது. ஒவ்வொரு குழிக்கும் வேரில் ஒரு மயிரிழை விரிசல் வளர்ந்து, புராஜெக்ட் வைவா எல்லாம் முடிந்து, ஜூனியர் பையன் ஒருத்தன் ஓட்டிப்பார்க்கிற நாளில் உடையும்.

வேரில் 3 மி.மீ. ஆரம் கொடுப்பதற்கு டூலை கொஞ்சம் உருட்டித் தீட்டினால் போதும், ஐந்து நிமிஷ வேலை. பார்ப்பதற்கு அழகில்லை, பேரிங் முழுக்க உட்காராது என்று அதைச் செய்யாமல் விடுகிறோம். ஒரு சாம்ஃபர் வாஷரைப் போட்டால் பேரிங்கும் உட்காரும். அதேபோல், ஃபோர்ஜிங் செய்த பழைய கார் ஸ்பிண்டிலில் விரிசல் கண்டால் அதன்மேல் வெல்டிங் வைக்கிற வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. வெல்டிங்கை ஒட்டின இடம் சூடேறி ஆறி கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். அந்த ஸ்பிண்டிலைப் பழைய இரும்புக்குப் போடுவதுதான் சரி. விரிசல் கண்டுபிடிக்க பெரிய மெஷின் வேண்டாம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக்பீஸைக் கரைத்துப் பூசிக் காயவிட்டால் விரிசல் இருக்கிற இடத்தில் எண்ணெய் கசிந்து கோடு தெரியும். தாத்தா காலத்து முறை. இன்றைக்கும் வேலை செய்கிறது.

இனி அலைன்மென்ட். மூன்று கோணங்களை நாம் பரீட்சைக்குப் படித்து பரீட்சையோடு விட்டுவிடுகிறோம்.

டிராக் வண்டியில் ராஜா காஸ்டர்தான். ஸ்டீயரிங் அச்சு மேலே பின்பக்கமாகச் சாய்ந்திருப்பது. சைக்கிளின் ஃபோர்க் சாய்ந்திருக்கிறதே, கையை விட்டாலும் நேராகப் போகிறதே, அந்த சமாசாரம். 300 மி.மீ. ஆரமுள்ள சக்கரத்தில் 3 டிகிரி காஸ்டர் வைத்தால், அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கு 16 மி.மீ. பின்னால் டயர் தரையைத் தொடும். 8 டிகிரி வைத்தால் 42 மி.மீ. டயர் அவ்வளவு தூரம் பின்னால் இழுபட்டு வருவதால் தானாகவே நேராகும். சாதாரணக் காரில் இவ்வளவு வைத்தால் ஊருக்குள் திருப்ப முடியாது, தோள் கழன்றுவிடும். டிராக் வண்டிக்குத் திருப்புகிற வேலை இல்லாததால் தாராளமாக வைக்கலாம். ஆனால் இடதும் வலதும் ஒரே அளவாக இருக்கவேண்டும். காஸ்டர் குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். அக்கர்மேன் கோணத்தைப் பற்றி இங்கே கவலையே வேண்டாம், அது வளைவில் போகிறவர்கள் கவலை.

டோ விஷயத்தில் ஒரு கணக்கு. 13 அங்குல ரிம்மில் மொத்தம் 3 மி.மீ. டோ-இன் என்றால் ஒரு சக்கரத்துக்கு கால் டிகிரி சொச்சம். சின்ன அளவுதானே என்று தோன்றும். அந்தச் சக்கரம் 402 மீட்டர் ஓடும்போது 1.8 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே போகிறது! எஞ்சினில் கஷ்டப்பட்டு எடுத்த எச்.பி. தார் ரோட்டில் ரப்பராகத் தேய்ந்து போகிறது. அதற்காகச் சுத்தமாக ஜீரோ வைக்கலாமா என்றால், பின் சக்கரம் தள்ளுகிற வண்டியில் ஓட்டத்தின்போது முன் சக்கரங்கள் வெளியே விரியப் பார்க்கும். விரிந்தால் வண்டி இடம் வலம் மோப்பம் பிடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் துளியளவு டோ-இன் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். கேம்பரை ஓடும் உயரத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

முன்சக்கரமே இழுக்கிற வண்டியில் கதை தலைகீழ். 1983-இல் மாருதி 800 வந்ததிலிருந்து நம் ஊர் சின்னக் கார்கள் அநேகமாக எல்லாமே அந்த ஜாதிதான். இழுக்கும்போது சக்கரங்கள் உள்ளே மடங்கப் பார்ப்பதால் அதற்கு லேசான டோ-அவுட் வைப்பதுண்டு. மேலே சொன்ன அந்த 100 கிலோ, எந்தச் சக்கரம் இழுக்கவேண்டுமோ அதிலிருந்தே கழன்று போகிறது என்பது வேறு வயிற்றெரிச்சல். நம் நாட்டுக் காரில் அமெரிக்கப் பாணியில் பின்னால் தள்ளுகிற டிராக் வண்டி கட்டவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு என் ஓட்டு கான்டெஸாவுக்குத்தான். முன்னால் இரட்டை விஷ்போனும் காயில் ஸ்பிரிங்கும் இருப்பதால் நான் இதுவரை சொன்ன வேலையெல்லாம் அதில் செய்துபார்க்க இடமிருக்கிறது. அம்பாசிடருக்கு டார்ஷன் பார், அது தனி வித்தை. 2002-லேயே கான்டெஸா தயாரிப்பு நின்றுவிட்டது. நல்ல உடம்போடு ஒன்று கிடைப்பது இப்போது வரன் பார்ப்பதைவிடக் கஷ்டம்.

நேராகப் போகிற வண்டிக்கு ஸ்டீயரிங் எவ்வளவு முக்கியம் என்பதற்கு டான் கார்லிட்ஸ் கதை ஒன்று போதும். 1970-இல் கியர்பெட்டி வெடித்து அவர் பாதத்தின் ஒரு பகுதி போய்விட்டது. இனி எஞ்சின் முதுகுக்குப் பின்னால்தான் என்று முடிவுகட்டி வண்டி கட்டினார். ஓட்டிப் பார்த்தால் வண்டி கோட்டில் நிற்கவே இல்லை, இப்படியும் அப்படியும் அலைந்தது. பின்னால் எஞ்சின் வைத்த வண்டி நேராக ஓடாது என்று அதற்கு முன் பலபேர் கைவிட்டிருந்தார்கள். கடைசியில் மருந்து எங்கே இருந்தது? ஸ்டீயரிங் ரேஷியோவில். கை அசைந்த அளவுக்குச் சக்கரம் குறைவாகத் திரும்புகிற மாதிரி மாற்றினார்கள், வண்டி சொன்ன பேச்சு கேட்டது. 1971-இல் அந்த வண்டி ஜெயித்தது. கொஞ்ச வருஷத்தில் அந்த வகுப்பு வண்டிகள் எல்லாமே எஞ்சினைப் பின்னால் கொண்டுபோய்விட்டன. இன்றைக்கும் அப்படித்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேரை எப்படி நடத்துகிறார்கள்? ஸ்டீயரிங் கிடையாது, சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்தே இத்தனை பெரிய தேரை வழிக்குக் கொண்டுவருகிறார்கள். வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் தேர் எந்தப் பக்கம் போகும் என்பது கட்டை போடுகிறவர் கையில்.

நம் லேப்களில் நடப்பது என்ன? எந்த காலேஜை எடுத்தாலும் வீல் அலைன்மென்ட் என்பது ஒரு மதிய நேரத்து எக்ஸ்பெரிமென்ட். டோ-இன் அளந்தோம், ரெக்கார்டில் எழுதினோம், கையெழுத்து வாங்கினோம். காஸ்டர் அளந்தவர் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். வெளியே கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடையிலும் சீட்டில் மூன்று கோணமும் அச்சாகி வரும், ஆனால் பெரும்பாலும் டை ராடை மட்டும் திருகிவிட்டு அனுப்புவார்கள். கடைக்காரரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. இந்த ஸ்ட்ரட் வைத்த கார்கள் பலவற்றில் மற்ற இரண்டையும் மாற்ற கம்பெனி வழியே வைக்கவில்லை. டிப்ளமோ படித்த நாமும் அந்தச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டால், படித்ததற்கு என்ன அர்த்தம்?

மெஷின் இல்லை, பட்ஜெட் இல்லை என்ற சாக்கை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நூலுக்கா நம்மூரில் பஞ்சம்? கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டு ஒன்று, ஸ்டீல் ஸ்கேல் ஒன்று, ஜாக்கி ஒன்று போதும். முதலில் பின் அச்சு சதுரமாக இருக்கிறதா பாருங்கள். குண்டைத் தொங்கவிட்டு நாலு சக்கர மையத்தையும் தரையில் புள்ளி வைத்து, குறுக்கே மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். பின் அச்சு கோணலாக இருந்தால் முன்னால் எவ்வளவு திருகினாலும் வீண். அப்புறம் வண்டியின் இரண்டு பக்கமும் இணையாக நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் தூரம் எடுத்தால் டோ. ரிம்மின் மேல் விளிம்பில் குண்டைத் தொங்கவிட்டு கீழ் விளிம்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்தால் கேம்பர்; 330 மி.மீ.க்கு 5.8 மி.மீ. வித்தியாசம் ஒரு டிகிரி. சக்கரத்தை 20 டிகிரி வெளியே திருப்பி ஒரு தடவை, உள்ளே திருப்பி ஒரு தடவை கேம்பர் எடுத்து, வித்தியாசத்தை ஒன்றரையால் பெருக்கினால் காஸ்டர் வந்துவிடும். இது எல்லாம் ஒரு மதியத்தில் முடியும்.

பம்ப் ஸ்டீயரைப் பார்க்க இன்னொரு மதியம் வேண்டும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஜாக்கியால் ஹப்பை 25 மி.மீ. படிப்படியாக ஏற்றி இறக்கி ஒவ்வொரு படியிலும் டோவைக் குறித்துக்கொண்டு போகவேண்டும். கிராஃப் ஷீட்டில் போட்டால் கோடு நேராக நிற்கவேண்டும். வளைந்தால் டை ராடின் வெளி முனையை ஷிம் வைத்து ஏற்றியோ இறக்கியோ மறுபடி எடுக்கவேண்டும். பொறுமையான வேலைதான். என்னைக் கேட்டால், மூன்றாம் வருஷ லேபில் இருக்கிற ஏதாவது இரண்டு எக்ஸ்பெரிமென்டைத் தூக்கிவிட்டு இதை வைக்கச்சொல்வேன். யூனியன் சார்பில் துறைத் தலைவரிடம் கொடுக்கிற கோரிக்கையில் டூர், ஸ்போர்ட்ஸ் டே இவற்றோடு இதையும் ஒரு வரி சேர்க்கலாமே.

பைபாஸில் ராத்திரி பதினோரு மணிக்கு ரேஸ் விடுகிற சூரர்களுக்கும் ஒன்று. பொது ரோட்டில் ரேஸ் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும். இது 2019 திருத்தத்துக்குப் பிறகு உள்ள நிலை. அதை விடுங்கள், போலீஸ் வராமலும் போகலாம். எதிரே முகப்பு விளக்கு இல்லாமல் வருகிற கரும்பு டிராக்டர் கட்டாயம் வரும். ஸ்பிரிங்கை வெட்டின வண்டியில் பிரேக்கை அழுத்தி மூக்கு குனிந்ததும், இடது சக்கரம் ஒரு மாதிரியும் வலது சக்கரம் வேறு மாதிரியும் திரும்பிக்கொண்டால், அந்த டிராக்டரை விலக்கிப் போக உங்கள் கையில் ஸ்டீயரிங் வட்டம் மட்டும்தான் இருக்கும்.